சரக்கு டிரெய்லரைக் கேம்பராக்குவது எப்படி: முதலில் எடை, பிறகு ஈரம், கடைசியில்தான் மரவேலை

மூடிய சரக்கு டிரெய்லரை வாங்கி, உள்ளே கட்டிலும் சன்னலும் விளக்கும் வைத்துக் கேம்பராக மாற்ற ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் அலமாரிக்குத்தான் படம் வரைவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நோட்டு முழுக்க இழுப்பறைகள். எல்லாம் கட்டி முடித்து, முதல் இரவு படுத்து, விடியற்காலையில் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து விழித்தேன். வெளியே மழை இல்லை. இரவெல்லாம் நான் விட்ட மூச்சுதான் கூரைத் தகட்டில் குளிர்ந்து சொட்டியிருக்கிறது. அந்தப் பெட்டியை முழுக்கப் பிரித்து மறுபடி கட்டினேன். கீழே இருப்பது அந்த இரண்டாவது முறையின் வரிசை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரெய்லரில் ஆள் தங்குவதற்கான பதிவு, காப்பீடு, விளக்கு, பிரேக் விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. தகட்டில் முதல் துளை போடுவதற்கு முன்னால் உங்கள் போக்குவரத்துத் துறையிடமும் காப்பீட்டுக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது

இங்கே சிறிய டிரெய்லர் என்று நான் சொல்வது 6 அடி அகலமும் 10 அல்லது 12 அடி நீளமும் உள்ள ஒற்றை அச்சு வண்டியை, அதாவது ஒரே சோடிச் சக்கரம் உள்ளதை. ஒருவருக்குத் தாராளம், இருவருக்குப் போதும். பெரும்பாலும் இரும்புச் சட்டங்களின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தி, உள்பக்கம் ப்ளைவுட் அடித்திருப்பார்கள்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். உள்ளே 6 அடி 3 அங்குலம் என்று விற்பவர் சொன்னால் உங்கள் தலைக்குக் கிடைக்கப்போவது அவ்வளவு இல்லை. கூரைக்கு ஓர் அங்குலக் காப்பு, அதாவது வெப்பத்தையும் குளிரையும் தடுக்கும் நுரைப் பலகை, அதை மூட ஒரு பலகை, தரைக்கும் காப்பு வைத்தால் அதற்கு ஓர் அங்குலம், அதன்மேல் மிதிக்க இன்னொரு பலகை. இரண்டரை, மூன்று அங்குலம் ஓசைப்படாமல் போய்விடும். நிமிர்ந்து நின்று சட்டை மாட்ட முடியாத வண்டியில் நான்காவது நாளே முதுகு முறையிட ஆரம்பிக்கும். 6 அடி 6 அங்குல உயரத்தில் கிடைத்தால் அதை எடுங்கள்.

பழைய வண்டி என்றால் இன்னும் மூன்று சோதனைகள். பட்டப்பகலில் உள்ளே போய் நின்றுகொண்டு, வெளியே இருப்பவரைக் கதவுகளைச் சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் ஊசிமுனை அளவு வெளிச்சம் எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் மழை நுழையும். அடுத்தது டயர். பக்கச் சுவரில் உள்ள குறியீட்டின் கடைசியில் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதைவிட வெயிலில் நின்று கிழடுதட்டிச் சாவதுதான் அதிகம். பட்டன், அதாவது டயரின் மேடுபள்ள வரிகள், புத்தம்புதிதாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் டயர் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூன்றாவது, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். மேல்துரு பரவாயில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உதிர்கிற துரு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பின்கதவு இரண்டு வகை: கீழே சாய்ந்து சாய்தளமாக மாறுவது, இரட்டைக் கதவாகத் திறப்பது. சாய்தளம் கனம் கூடியது. ஆனால் கீழே இறக்கினால் திண்ணை மாதிரி உட்காரலாம். எனக்கு இரட்டைக் கதவுதான் பிடிக்கும். மழையில் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைக்கலாம்.

வெறும் பெட்டியில் ஓர் இரவு

வாங்கி வந்ததும் எதையும் வெட்டாதீர்கள். தரையில் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் கட்டில், மேடை, குளிர்பெட்டி எல்லாவற்றையும் முழு அளவில் குறித்துவிட்டு, பாய் விரித்து ஓர் இரவு அதில் தங்குங்கள். கதவை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு படுங்கள். அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலுறை மாட்டுங்கள், தேநீர் கலப்பது போலக் கையை நீட்டுங்கள், நடுராத்திரி இருட்டில் எழுந்து வெளியே போய்வாருங்கள். நோட்டில் தெரியாதது எல்லாம் அந்த இரவில் தெரிந்துவிடும்.

முக்கியமாகக் கட்டிலின் திசை. 6 அடி அகலம் என்பது வெளி அளவு. உள்ளே சுவருக்குச் சுவர் 5 அடி 8 அங்குலம், 5 அடி 10 அங்குலம் என்றுதான் இருக்கும். காப்பும் பலகையும் வந்த பிறகு அதுவும் குறையும். குறுக்கே கட்டில் போட்டால் தரையில் நிறைய இடம் மிஞ்சும் என்று ஆசை காட்டும். 5 அடி 7 அங்குலம் உள்ள நான் அப்படித்தான் போட்டேன். இரண்டு விரல் அகலம் போதாமல், முழங்காலை மடக்கியே ஒரு பருவம் முழுக்கத் தூங்கினேன். நீளவாக்கில் 6 அடி 3 அங்குலம் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத் திட்டம் போடுங்கள்.

எடைக் கணக்கு

டிரெய்லரின் முன்பகுதியில் அல்லது சட்டத்தில் ஒரு தகடு இருக்கும். அதில் வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு எழுதியிருக்கும். அது 1,350 கிலோ, வெற்று வண்டி 550 கிலோ என்றால் நீங்கள் ஏற்றக்கூடியது 800 கிலோ. கேட்க நிறையத் தெரியும். ஆனால் இழுக்கும் காரின் வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் உங்கள் வரம்பு. 1,000 கிலோ மட்டும் இழுக்கும் காருக்கு 800 கிலோ ஏற்றிய டிரெய்லர் ஆகவே ஆகாது.

மரம் எவ்வளவு சீக்கிரம் கனக்கும் என்பதற்கு ஓர் ஒப்பீடு: 8-க்கு 4 அடி 18 மி.மீ. ப்ளைவுட் ஒன்று 30 கிலோவைத் தொடும். அதே அளவில் ஓர் அங்குலக் கடின நுரைப் பலகை இரண்டரை கிலோ. ஆகவே காப்புக்காக எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அலமாரிக்காகப் படுங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 60 லிட்டர் தொட்டி என்பது கூடவே ஓர் ஆளை ஏற்றிக்கொள்வது மாதிரி.

மொத்தத்தைவிட முக்கியம், பாரம் எங்கே உட்காருகிறது என்பது. மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பார்களே, அதே கதைதான். முன்பாரம் அதிகமானால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். பின்பாரம் ஆனால் இன்னும் மோசம்: வேகம் கூடியதும் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் ஒருமுறை பெரிதாகிவிட்டால் காரையும் சேர்த்துத் திருப்பிப்போட்டுவிடும். டிரெய்லரைக் காரோடு மாட்டும் கொக்கியின் மேல் இறங்கும் முன்பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கம். ஐரோப்பிய கார்களில் கொக்கி தாங்கும் வரம்பே குறைவு. அங்கே 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்தான் முடிவு.

இதை வீட்டுத் தராசிலேயே அளந்துவிடலாம். ஆள் ஏறி நிற்கும் தராசை ஒரு பக்கமும், அதே உயரத்தில் ஒரு கட்டையை இன்னொரு பக்கமும் வைத்து, இரண்டுக்கும் குறுக்கே ஓர் உறுதியான மரச்சட்டத்தைப் போடுங்கள். கட்டை தொடும் புள்ளிக்கும் தராசு தொடும் புள்ளிக்கும் நடுவே சரியாக 3 அடி. டிரெய்லரின் முனையை, கட்டையிலிருந்து 1 அடியில், சட்டத்தின் மேல் இறக்குங்கள். தராசு காட்டுவதிலிருந்து, வெறும் சட்டத்துக்குக் காட்டியதைக் கழித்து, மூன்றால் பெருக்கினால் முன்பாரம். தராசு 35 காட்டி அதில் சட்டத்துக்கு 3 போனால் மிச்சம் 32. முன்பாரம் 96 கிலோ. அளக்கும்போது டிரெய்லர் சமமட்டத்தில் நிற்கட்டும், சக்கரங்களுக்குக் கட்டை போட்டிருக்கட்டும்.

பேட்டரி, தண்ணீர், கருவிப்பெட்டி ஆகிய கனமான மூன்றும் அச்சுக்கு மேலே அல்லது அதற்குச் சற்று முன்னால். பின்கோடியில் துணிமணி, மடக்கு நாற்காலி போன்ற இலேசானவை. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே உள்ளமைப்பின் பாதியை முடிவு செய்துவிடலாம். கட்டி முடித்ததும், எல்லாச் சாமானும் ஏற்றி ஒருமுறை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள்.

தகட்டை வெட்டுவது

எல்லாரும் பயப்படுகிற வேலை இது. பயப்படுவதும் நியாயம்தான், வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் சன்னலும் கூரை விசிறியும் காப்புக்கு முன்னால் வந்தாக வேண்டும்.

உள்சுவர்ப் பலகைகளைக் கழற்றி, பின்புறம் எண் எழுதி எடுத்துவையுங்கள். புதுப் பலகை வெட்டும்போது அவைதான் அளவு மாதிரி. கழற்றியதும் விளக்குகளுக்குப் போகும் வயர்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று கைப்பேசியில் நான்கு சுவர்களையும் கூரையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. பிறகு ஒரு நீள ஸ்க்ரூ பிரேக் விளக்கு வயரை ஊடுருவி, பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஃபியூஸ் போனது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

சன்னல் வாங்கும்போது, உள்பக்க வளையத்தோடு சுவரைக் கவ்விப் பிடிக்கும் வகையைக் கேளுங்கள். அது எவ்வளவு தடிமனான சுவருக்கு என்று பெட்டியில் எழுதியிருக்கும். உங்கள் சுவரின் மொத்தத் தடிமன், அதாவது தகடு, காப்பு, உள்பலகை மூன்றும் சேர்ந்தது, அதற்குப் பொருந்த வேண்டும். கையில் சன்னல் வந்து சேராமல் இணையத்தில் போட்டிருக்கும் அளவை நம்பி வெட்டாதீர்கள்.

செங்குத்துச் சட்டம் எங்கே என்று வெளியிலிருந்து தெரியாவிட்டால், ஒரு சிறு காந்தத்தைத் தகட்டில் நகர்த்திப் பாருங்கள். அலுமினியத்தில் வழுக்கும், இரும்புச் சட்டம் வரும் இடத்தில் ஒட்டும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே சன்னல் அடங்கினால் நல்லது. அடங்காமல் ஒரு சட்டத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மேலும் கீழும் குறுக்குச் சட்டம் பற்றவைத்துச் சுமையைப் பக்கத்துச் சட்டங்களுக்குத் திருப்பிவிட வேண்டும். வெல்டிங் தெரியாதவர்கள் சிறிய சன்னலோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

வெட்டும் முறை இது. சன்னலோடு வரும் காகித அச்சை உள்பக்கம் வைத்து, ரசமட்டம் பிடித்து, நான்கு மூலைக்கும் சிறு துளை போட்டு வெளியே காட்டுங்கள். வெளிப்பக்கம் கோடு வரும் இடம் முழுக்கக் காகித டேப் ஒட்டி, அதன்மேல் கோடு வரையுங்கள். ஜிக்சாவின் அடித்தட்டு தகட்டின் பெயின்ட்டைக் கீறாமல் இந்த டேப் காப்பாற்றும். ஜிக்சாவில் உலோகம் வெட்டும் மெல்லிய பல் பிளேடு. மூலைத் துளையில் பிளேடை இறக்கி, அவசரப்படாமல் தள்ளுங்கள். வெட்டுகிற சத்தம் சீராக ஒரே சுருதியில் இருக்கும். சட்டென்று கிறீச்சிட்டுத் தகடு துள்ள ஆரம்பித்தால் உள்ளே யாராவது ஒரு கட்டையை வைத்து அணைத்துப் பிடிக்க வேண்டும் என்று பொருள். கடைசி ஓர் அங்குலத்தில் வெட்டுத்துண்டு தொங்கிக் கிழியும். அதற்கு முன்னதாகவே இரண்டு டேப் பட்டையால் அதைக் கட்டிவிடுங்கள். முடிந்ததும் அரத்தால் பிசிறு நீக்கி, உப்புத்தாள் போட்டு, வெட்டு விளிம்புக்குப் பெயின்ட் தொட்டுவிடுங்கள். இரும்புத்தூள் விழுந்திருந்தால் அன்றைக்கே கூட்டி எடுங்கள். ஒரு பனிக்கே துருப்பிடித்துச் சுவரில் கறை இறங்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதில் எதையும் செய்யாதீர்கள்.

துளையைச் சுற்றிச் சுவர்த் தடிமனுக்கு மரச்சட்டம் கொடுத்தால்தான் சன்னல் வளையம் இறுக்கும்போது தகடு குழியாது.

கூரை விசிறிக்கு வழக்கமான அளவு 14 அங்குலச் சதுரம். கூரை வளைவுச் சட்டங்களுக்கு இடையே விழும்படி இடம் பாருங்கள். கட்டிலின் தலைமாட்டிலிருந்து தூரத்தில் இருந்தால் காற்று உடம்பைத் தாண்டிப் போகும். விசிறியின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் என்கிற மெத்தென்ற ஒட்டுப் பட்டை, மேலே ஸ்க்ரூ தலைகளையும் விளிம்பையும் மூடிக் கூரைக்கென்றே விற்கும் தானாகப் பரவும் சீலன்ட், அதாவது நீர் புகாமல் அடைக்கும் பசை. பாத்ரூமுக்கு வாங்கிய சிலிக்கான் மிச்சம் இருக்கிறதே என்று அதைக் கூரையில் தடவாதீர்கள். ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் வேறு எந்தச் சீலன்ட்டும் பிடிக்காது, ஏன், அடுத்த சிலிக்கானே பிடிக்காது. பியூட்டைல் டேப் இறுக்கியதும் பிதுங்கி வர வேண்டும். மறுநாள் வெயிலில் சூடேறி இளகிய பிறகு ஸ்க்ரூவை இன்னும் கால் சுற்று இறுக்கலாம். பிறகு அரைமணி நேரம் தோட்டக்குழாயால் நீரடித்து, உள்ளே விரலால் தடவிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

காப்பும் வியர்வையும்

தகடு வியர்ப்பதற்குக் காரணம் எளிது. ஈரமான உள்காற்று குளிர்ந்த உலோகத்தைத் தொட்டால் நீராகும். இருவர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டருக்குக் குறையாத நீர் மூச்சிலும் தோலிலும் போகும். சிறிய பெட்டியில் அது போக இடமில்லை. இதற்கு வழி இரண்டு: உள்காற்று உலோகத்தைத் தொடவிடாமல் மூடுவது, ஈரக் காற்றை வெளியே தள்ளுவது. ஒன்று மட்டும் போதாது.

சட்டங்களுக்கு இடையே ஓர் அங்குலக் கடின நுரைப் பலகையை, தெர்மாகோல் அல்ல, வீடு கட்டுபவர்கள் வாங்கும் அழுத்தமான எக்ஸ்.பி.எஸ். வகையை, இறுக்கமாக வெட்டி வையுங்கள். ஒட்டுவதற்கு நுரைக்கென்றே உள்ள பசை. சாதாரண ரப்பர் பசை நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். இடுக்குகளில் குறைவாக உப்பும் வகை ஸ்ப்ரே நுரை. அதிகம் உப்புகிற வகையை அடித்தால் மெல்லிய தகடு வெளியே தொப்பை போட்டுவிடும், பிறகு உள்ளே தள்ள வழியே கிடையாது. கண்ணாடிப் பஞ்சு வேண்டாம். வண்டி குலுங்கும்போது கீழே இறங்கிவிடும், ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பலரும் கோட்டைவிடுவது சட்டங்களில்தான். நுரை வைத்த இடமெல்லாம் காய்ந்திருக்க, இரும்புச் சட்டம் ஓடும் கோடெல்லாம் காலையில் சுவரில் ஈரப் பட்டையாகத் தெரியும். எலும்புக்கூட்டை எக்ஸ்ரே எடுத்த மாதிரி. சட்டத்தின் முகத்தில் கால் அங்குல நுரைப் பட்டை ஒட்டி, அதன்மேல் உள்பலகையை அடித்தால் அந்தக் கோடுகள் மறையும். இணைப்புகளில் அலுமினிய டேப் ஒட்டுங்கள்.

காற்று உள்ளே வரக் கீழே ஒரு வழி இல்லாவிட்டால் மேலே உள்ள விசிறி சும்மா சுற்றும். விசிறிக்கு எதிர்க்கோடியில், தரைக்கு அருகே, வலை போட்ட துவாரம் ஒன்று. குளிர் இரவிலும் விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் விட்டுத் தூங்குங்கள். சூடு கொஞ்சம் போகும்தான். போகட்டும், படுக்கை காய்ந்திருக்கும்.

மெத்தையின் அடியில் முழுப்பலகை போடாதீர்கள். இடைவெளி விட்ட மரப்பட்டைகள் போட்டால்தான் அடியில் பூஞ்சை வராது.

மின்சாரம்

கட்டும் முன் ஒரு நாள் செலவை எழுதிப் பாருங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டி சுமார் 400 வாட்மணி, விசிறி 80, விளக்குகள் 40, இரண்டு கைப்பேசி 30, மடிக்கணினி 60. மொத்தம் 610. 100 ஆம்பியர்மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட்டில் 1,280 வாட்மணி கொடுக்கும். வெயில் இல்லாமலே இரண்டு நாள் ஓடும். அதே 100 ஆம்பியர்மணி ஈய-அமில பேட்டரியில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல். லித்தியத்தில் ஒரு கண்டிப்பு: உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்ப் பிரதேசம் என்றால் பேட்டரியை வெளிப்பெட்டியில் வைக்காமல் உள்ளே வையுங்கள்.

200 வாட் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் 600 வாட்மணி அளவுக்குத் தரும். மேலே எழுதிய செலவுக்குச் சரியாக இருக்கும்.

12 வோல்ட்டில் வயர் தடிமனைக் குறைத்தால் மின்னழுத்தம் வழியிலேயே கரைந்துவிடும். குளிர்பெட்டி 5 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போக வர 10 மீட்டர் செம்பு. 1 சதுர மி.மீ. வயரில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் காணாமல் போகும். குளிர்பெட்டி பேட்டரி தீர்ந்ததாக நினைத்து நின்றுவிடும். 2.5 சதுர மி.மீ. வயரில் 0.35 வோல்ட்தான் இழப்பு. புதுக் குளிர்பெட்டி பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் எத்தனையோ பேருக்குப் பழுது வயரில்தான் இருந்திருக்கும்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதன்மை ஃபியூஸ் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஃபியூஸ் பெட்டி, ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ். ஃபியூஸ் அளவை வயர் தாங்கும் அளவை வைத்துத் தேர்ந்தெடுங்கள். இரும்புச் சட்டத்தில் துளைத்து வயரை நுழைக்கும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள். ஓடும் வண்டியில் கூர்மையான விளிம்பு நாள் முழுக்க ரம்பம் மாதிரி அறுக்கும். வீட்டு மின்சாரத்தை உள்ளே கொண்டுவருவதானால் அதற்குரிய மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்; அதை நான் இங்கே விளக்கப்போவதில்லை.

மரவேலை

ஒருவழியாக அலமாரி. 12 மி.மீ. இலேசு ப்ளைவுட் போதும். கதவுகளுக்கு அதுவும் வேண்டாம், துணித்திரை போடுங்கள். சட்டகத்தை இரும்புச் சட்டத்தில் பிடியுங்கள். 6 மி.மீ. உள்பலகையில் மட்டும் ஸ்க்ரூ அடித்தால் முதல் பள்ளத்திலேயே பிடுங்கிக்கொண்டு வரும். மூட்டுகளுக்குப் பசையும் ஸ்க்ரூவும் இரண்டும். போல்ட்டுகளுக்கு நைலான் பூட்டு நட்டு. இழுப்பறைகளுக்குத் தாழ்ப்பாள் கட்டாயம்; காந்தப் பூட்டு ஓடும் வண்டிக்கு ஆகாது. முடித்த அலமாரியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குங்கள். டிரெய்லரே ஆட வேண்டும், அலமாரி தனியாக ஆடக் கூடாது.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு, காலால் மிதிக்கும் பம்ப் ஒன்று, கழிவுநீர் விழ இன்னொரு கேன். முதல் வண்டிக்கு இது தாராளம்.

தீயும் கதவும்

சமையல் அடுப்பை முடிந்தவரை வெளியே வையுங்கள். சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கசிந்தால் தரையில் குளம்போலத் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர் வெளியே, டிரெய்லரின் முன்கோடியில், திறந்த தாங்கியில். குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்குவது தற்கொலைக்குச் சமம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி தலைமாட்டுக்கு அருகே, வாயுக் கசிவுக் கருவி தரைக்கு அருகே, புகைக் கருவி கூரையில், தீயணைப்பான் கதவோரம். ஹீட்டர் வைப்பதானால் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடும் வகைதான்.

இப்போது கதவு. பல சரக்கு டிரெய்லர்களில் கதவு வெளியிலிருந்துதான் பூட்டும், உள்ளே கைப்பிடியே இருக்காது. சரக்குக்கு எதற்குக் கைப்பிடி? பக்கக் கதவில் உள்ளிருந்து திறக்கும் தாழ் இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புக் கம்பிப் பூட்டு வகை என்றால் தூங்கும்போது யாராவது விளையாட்டுக்கு வெளியே தள்ளிவிட்டால்கூட நீங்கள் உள்ளே சிறை. அதை மாற்றுங்கள். இரண்டாவது வழியும் வேண்டும்: பின்கதவை உள்ளிருந்து திறக்கும்படி செய்யலாம், அல்லது ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சன்னல். கண்ணை மூடிக்கொண்டு அந்த வழியே ஒருமுறை வெளியேறிப் பாருங்கள்.

முதல் ஓட்டம்

முதல் பயணம் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கட்டும். கிளம்பும் முன் கொக்கியின் பூட்டு விழுந்ததா என்று முன்ஜாக்கியால் டிரெய்லரைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்கே மாற்றி மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் முனை சாலையில் குத்தாமல் அந்தத் தூளியில் விழும். விளக்குகளை ஆள் வைத்துப் பாருங்கள். 80 கி.மீ. ஓடியதும் நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். சக்கர மையத்தைக் கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்குக்குக் கிரீஸ் இல்லை, அல்லது பிரேக் உரசுகிறது.

போய்ச் சேர்ந்ததும் வரிசை மாறக் கூடாது. முதலில் இடவலம் சமம் பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்றுங்கள். பிறகு சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. அதற்குப் பிறகுதான் காரிலிருந்து கழற்றி, முன்ஜாக்கியால் முன்பின் சமம். கடைசியாகப் பின்மூலைகளில் தாங்கு ஜாக்கிகள். இவை ஆட்டத்தை நிறுத்த மட்டுமே, வண்டியைத் தூக்க அல்ல. ஒற்றை அச்சு வண்டியில் இவற்றை இறக்காமல் இரண்டு பேர் பின்பக்கமாக ஏறினால் வண்டி குடை சாய்ந்துவிடும். என் நண்பர் கையில் முழுக் காபிக் கோப்பையோடு அப்படித்தான் உள்ளே வந்தார். மெத்தையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

திரும்பி வந்த அன்றே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு கீலும் ஒவ்வொரு ஸ்க்ரூவும். முதல் ஓட்டத்தில் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூவாவது தளர்ந்திருக்கும். மெத்தையைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள், மூலைகளில் ஈரம் இருக்கிறதா என்று. இருந்தால் கீழ்த்துவாரம் போதவில்லை, இன்னொன்று போடுங்கள்.